நூத்துக்கு மூணு

உக்காருங்க, உக்காருங்க. எறங்கி என்ன பண்ணப் போறீங்க? இது இப்போதைக்கு நகராதுங்க. பானெட்டத் தொறந்து வெச்சுட்டு டிரைவர் எட்டிப் பாக்கறாரு பாருங்க, கெணத்துல வாளிய உட்டவனாட்ட. பாத்தா ஆறிருமா? கண்டக்டர் தண்ணி கேட்டு அந்த பேக்கரிக்கு ஓடறாரு. நான் காந்திபுரத்துல ஏறும்போதே சொன்னனுங்க. "ஏனுங்க, சூடு வாசன வருதே, ரேடியேட்டர்ல தண்ணி பாத்தீங்களா?"ன்னு. அதுக்கு அவரு என்ன சொன்னாரு? "உள்ள தள்ளி நில்லுங்க"ன்னாரு. தள்ளி நின்னேன். இப்ப எல்லாருமே தள்ளி நிக்கறோம்.

ஜன்னலச் சாத்தாதீங்க. காத்து வரட்டும்.

நீங்க எங்க, ஊட்டிக்கா? கோத்தகிரிக்குங்களா. அப்பச் சரி, உங்களுக்கு அவசரமில்ல. நான் மேட்டுப்பாளையம். என்ற பேத்திக்கு இன்னிக்குப் பேரு வெக்கறாங்க. நல்ல நேரம் உச்சிக்கு முன்னாடி முடிஞ்சுருதாம். எங்க வழக்கத்துல கொழந்தையோட அம்மாவப் பெத்தவன் தான் மொதல்ல காதுல பேரச் சொல்லோணும். அதாவது நான். நான் எங்க இருக்கறேன்? காரமடைக்கு இக்கட்ட, இந்தப் பக்கத்துலயே, கொதிக்கற பஸ்ஸுல. நான் போய்ச் சேரலீன்னா என்ற மச்சினன் திருமூர்த்தி அந்தப் பேரச் சொல்லீருவான். அவனுக்கென்னங்க, வாய் எப்பவும் தொறந்தே தான் இருக்கும். உருளக்கெழங்கு மண்டி வெச்சிருக்கறான்.

என்ன பேருங்களா? அது... அங்க போனாச் சொல்லுவாங்க.

காரு இருக்குதுங்க. ஏன் பஸ்ஸுல வாரேன்னு நீங்க கேக்கல, ஆனாக் கேக்கற மாதிரி பாத்தீங்க. காரு ஒர்க்ஷாப்ல இருக்குது. அதுல என்ற தப்பு ஒண்ணுமில்ல. ஆனா எங்கூட்டுல அத ஒருத்தருக்கும் புரிய வெக்க முடியல. நீங்க படிச்சவராட்டத் தெரியறீங்க. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

நான் மில்லுல காத்தக் கழுவறவனுங்க. சிரிக்காதீங்க, எல்லாரும் சிரிக்கறாங்க. நூல் மில்லுல காத்து காஞ்சு போயிருந்தா நூலு பட்டுப் பட்டுனு அந்துரும். அதனால வெளிக்காத்த உள்ள இழுத்து, தண்ணி பீச்சற ஒரு ரூமுக்குள்ள உட்டு, குளுர வெச்சு, தகரக் குழாய்ல மேல கொண்டு போயி மில்லு பூரா எறக்கோணும். ஏர் வாஷர்னு பேரு. அந்தப் பிளாண்ட்டு என்ற பொறுப்பு. சாயங்காலக் கிளாஸ்ல டிப்ளமா படிச்சேன். ஷிப்டு முடிஞ்சு, தலைல பஞ்சோட போயி கடைசி பெஞ்சுல உக்காருவேன். பாதிப் பேரு தூங்குவான். நான் தூங்குனதில்ல. அதனால காத்தப் பத்தி என்கிட்ட ஒருத்தன் பேசறதுக்கு முன்னாடி ரண்டு வாட்டி யோசிக்கோணும். ஒருத்தனும் யோசிக்கறதில்ல, அது வேற.

விசயம் இது தான். குளுந்த காத்து கனமுங்க. சூடான காத்து விரிஞ்சு போயி லேசா இருக்கும். இஞ்சினு ஒவ்வொரு வாட்டியும் ஒரு டம்ளர் காத்துக் குடிக்குதுன்னு வெச்சுக்குங்க. டம்ளரு அதே டம்ளரு தான். குளுந்த காத்த ஊத்துனா உள்ள எச்சா, நெறையா அடங்கும். காத்து எச்சானா எரியறது எச்சு, எரியறது எச்சானா இழுவ எச்சு. பத்து டிகிரி குறைச்சா நூத்துக்கு மூணு பங்கு பவரு கூடும். இது நான் சொல்றதில்ல, கணக்கு சொல்லுது.

ஆனாக் கம்பெனிக்காரன் என்ன பண்ணியிருக்கறான்? காத்து இழுக்கற வாயக் கொண்டு போயி பானெட்டுக்குள்ள, இஞ்சினு பக்கத்துல வெச்சிருக்கறான். சிக்னல்ல நிக்கும்போது நான் தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தனுங்க. அறுபது டிகிரி! அடுப்புக்குள்ள மூக்க உட்டுட்டு ஓடுன்னா எவன் ஓடுவான்?

எங்க தெருவுல ஒருத்தன் இருக்கறான். கம்ப்யூட்டர் கம்பெனில வேல. அவன் பழைய ஃபில்டரக் கழட்டி எறிஞ்சுட்டு செவப்புக் கூம்பு ஃபில்டரு ஒண்ண மாட்டுனான். அதுவும் பானெட்டுக்குள்ள தான். "அங்கிள், பவர் பிக்கப் ஆகுது பாருங்க"ன்னு எனக்கு ஓட்டிக் காட்டறான். உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் வருது, அவ்வளவு தான். முன்னாடி வெந்நி குடிச்சிட்டிருந்த வண்டி, இப்ப சத்தமா வெந்நி குடிக்குது. சத்தத்துல பவரு இருந்தா மாரியம்மன் நோம்பிக்குக் கட்டற மைக்செட்டு தானா மலையேறிரும். இன்னொருத்தன், ரிட்டயர்டு வாத்தியாரு, வெயில்ல போறதுக்கு முன்னாடி பானெட்டு மேல ஈரச் சாக்குப் போட்டு வெப்பாரு. நெத்தில பத்துப் போட்டாக் கால் வலி போகும்கற மாதிரி. பாத்துட்டு அக்கட்டப் போயிட்டேன். சொன்னாத் திருந்தற மூஞ்சியா அதெல்லாம்?

நான் மொறையாப் பண்ணுனேன். மொதல்ல மில்லு முறை. வெட்டிவேர் தட்டி ஒண்ணு சின்னதா முடைஞ்சு காத்து வாய்க்கு முன்னாடி வெச்சேன். கண்ணாடி தொடைக்கறதுக்குத் தண்ணி பீச்சற மோட்டர் இருக்குதல்ல, அதுல ஒரு டியூபு இழுத்துத் தட்டி மேல சொட்டு உட்டேன். நல்ல யோசன தான். ஆனா எங்கூட்டுக்காரி மரகதம் பின்னாடி உக்காந்துட்டு, "ஏனுங்க, காரு கோயிலுக் குடமாட்ட மணக்குது. அர்ச்சனைக்குத் தேங்கா ஒடைக்கலாமுங்களா?"ன்னா. அவளுக்கு இப்படித் தான், எல்லாத்துலயும் கேலி. தட்டி பூசணம் புடிச்சுருச்சு, எடுத்துட்டேன். அவ சொன்னதுக்காக எடுக்கல. பூசணத்துக்காக எடுத்தேன்.

அப்புறம் தான் குழா. முன்னாடி பம்பர்ல, மூடுபனி லைட்டு வெக்கறதுக்குன்னு ஒரு ஓட்ட உட்டிருக்கறான். அங்க வர்றது சுத்தமான வெளிக்காத்து. அங்க ஒரு வாய வெச்சு, பிவிசி குழாய வளைச்சு மேல ஃபில்டர் வரைக்கும் கொண்டு வந்தேன். குழாய்ல இஞ்சின் சூடு ஏறக் கூடாதுன்னு பஞ்சு சுத்தி, மேல வெள்ளித் தாளு சுத்துனேன், எங்க மில்லு குழாய்க்குச் சுத்தற மாதிரியே. தெர்மாமீட்டர் வெச்சா, முப்பத்திமூணு! அறுபது எங்க, முப்பத்திமூணு எங்க! நான் அந்தப் பானெட்டத் தொறந்து வெச்சுட்டு ஒரு நேரம் சும்மா பாத்துட்டே நின்னனுங்க. அத்தன அழகா இருந்துச்சு.

மரகதம் காப்பி கொண்டாந்து குடுத்தா. "இதனால என்னங்க ஆகும்?"

"பவரு கூடும்."

"எவ்வளவுங்க?"

"சும்மா ஓடும்போது நூத்துக்கு மூணாவது கூடும். சிக்னல்ல நின்னு கெளம்பும்போது இன்னும் எச்சு."

"அந்த மூண வெச்சு என்ன பண்ணப் போறீங்க? காய்கறிக் கடைக்குத் தானுங்க போறோம்."

நான் டம்ளரத் திருப்பிக் குடுத்துட்டு பானெட்டச் சாத்துனேன்.

திருமூர்த்தி ஒரு நாளு வந்தான். மண்டி பிக்கப்ப வாசல்ல நிறுத்துனாக் கெழங்கு வாசன தெருக்கோடி வரைக்கும் போகும். பானெட்டுக்குள்ள எட்டிப் பாத்தான். கழுத்துல கைய வெச்சுட்டு நெம்ப நேரம் பாத்தான். பெரிய இஞ்சினியரு.

"மச்சா, வாயக் கொண்டு போயி நெலத்துல வெச்சுட்டீங்களே?"

"அங்க தான் மாப்ள காத்து குளுந்திருக்குது."

"காத்து குளுந்திருக்கும். மழ வந்தாத் தண்ணியுமில்ல அங்க தான் இருக்கும்?"

நான் சிரிச்சேன். பின்ன என்ன பண்ண? தண்ணியையும் காத்தையும் ஒண்ணா வெச்சு இத்தன வருசம் பொழப்பு நடத்தறவன்கிட்ட, மண்டிக்காரன் வந்து தண்ணி பாடம் எடுக்கறான். "மாப்ள, உனக்குக் கெழங்கு அழுகாம இருக்கறதுக்கு என்ன ஈரம் வேணும்னு தெரியுமா?"ன்னேன். "தெரியாதுங்க மச்சா, அழுகுனா எடுத்துப் போட்டுருவோம்"ன்னான். பாருங்க. இது தான் அவனோட விஞ்ஞானம்.

தண்ணி வந்துருச்சுங்களா? வருது வருது, கண்டக்டர் ஒரு கொடத்தோட வாராரு. சூடா இருக்கற இஞ்சின்ல பச்சத் தண்ணிய ஊத்தப் போறாங்க. வெடிச்சாத் தான் தெரியும். சொல்லலாம்னா, "உள்ள தள்ளி நில்லுங்க"ம்பாரு.

எங்க உட்டேன்? ஹேமா. என்ற பொண்ணு. அவளுக்கு ஒம்பதாம் மாசம், எங்கூட்டுல தான் இருந்தா. மாப்பிள்ளைக்கு ஒசூர்ல வேல, லீவு கெடைக்கல. அன்னிக்கு மத்தியானமே வானம் இருட்டிட்டு வந்துருச்சு. ஐப்பசி மழ, தெரியுமல்ல? கொட்டுச்சு. அது கொஞ்சம் விட்ட நேரமாப் பாத்து இவளுக்கு வலி வந்துருச்சு. நான் பதறலீங்க. நான் பதறறவனில்ல. வண்டிய எடுத்தேன். அவளப் பின்னாடி படுக்க வெச்சு, மரகதம் தலைய மடில வெச்சுக்கிட்டா.

ரயில்வே பாலத்துக்கு அடியில தண்ணி நின்னுட்டிருந்துச்சு. எங்க ஊருல எந்தப் பாலத்துக்கு அடியில தான் நிக்கல? ரண்டு ஆட்டோக்காரங்க ஓரங்கட்டி நின்னு பீடி குடிச்சிட்டிருந்தாங்க. மரகதம் சொன்னா, "ஏனுங்க, மேம்பாலத்துல சுத்திப் போயிரலாமுங்க."

"வலியில இருக்கறவள வெச்சுட்டு எதுக்குச் சுத்தறது? தண்ணி டயர்ல பாதி தான் இருக்கும்."

"ஆட்டோவே நிக்குதுங்க."

"அது ஆட்டோ."

அப்பறமுங்க, இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, சொன்னாப் புரிஞ்சுக்கவும் மாட்டாங்க. அன்னிக்கு அந்த வண்டி இழுத்த இழுவ இருக்குதே! மழக் காத்து, சில்லுனு, கனமா, குழா வழியாப் போயிட்டே இருக்குது. வீட்டுல இருந்து அந்தப் பாலம் வரைக்கும் அது இஞ்சினே இல்லீங்க, குதுர. நான் வாங்குன நாள்ல இருந்து அது அப்படி ஓடுனதில்ல. நான் சொன்னது அத்தனையும் சரின்னு அன்னிக்குத் தான் நிரூபணம் ஆச்சு. அத ஒருத்தரும் கவனிக்கல. பின்னாடி ஒருத்தி கத்தறா, இன்னொருத்தி முருகா முருகாங்கறா.

தண்ணிக்குள்ள எறக்குனேன். பாதி தூரம் போச்சு. எதுக்க ஒரு டவுன் பஸ்ஸு, அறிவு கெட்டவன், வேகமா வந்து அலையத் தள்ளி உட்டான். அந்த அல பம்பர் மேல ஏறுச்சு. டொக்.

அவ்வளவு தான். டொக். அப்புறம் சத்தமே இல்ல.

தண்ணி அமுங்காதுங்க. காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருச்சுன்னா பிஸ்டன் மேல வரும்போது முட்டிக்கும், உள்ள இருக்கற கம்பி வளைஞ்சுரும். அது இஞ்சினோட குத்தமில்ல, எனக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சும் சாவியத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், சரி, பாக்கோணுமல்ல? கால் கிட்டத் தண்ணி ஏறுது. பின்னாடி திரும்பி ஹேமாகிட்டச் சொன்னேன், "பயப்படாத சாமி. இது பெரிய கோளாறு இல்ல. தண்ணி அமுங்காது, அதனால தான் நின்னுருச்சு"ன்னு. அவளுக்குத் தெளிவா இருக்கட்டுமேன்னு தான் சொன்னேன்.

"ப்பா, வாய மூடுப்பா"ன்னா.

வலியில சொன்னதுங்க. நான் அத மனசுல வெச்சுக்கல. இன்னும் ஞாபகத்துல இருக்குது, அவ்வளவு தான்.

அப்ப வந்தான் அவன். என்ன வண்டிங்கறீங்க? செப்டிக் டேங்கு லாரி. ஊர்ல இருக்கற கக்கூஸுத் தொட்டியெல்லாம் உறிஞ்சற லாரி. அந்த வாசனையச் சொல்லோணுமா? மூணு வருசத்துக்கு முந்துன பச்சப் பெயிண்ட்டு, ஒரு பக்கக் கண்ணாடி இல்ல. காத்து இழுக்கற குழா எங்க இருக்குதுன்னு பாருங்க, கேபினுக்குப் பின்னாடி, புகைபோக்கியாட்ட, உச்சில! வெயிலு காலத்துல தகரம் கொதிக்கற எடத்துல! அதுல போற காத்து எத்தன சூடா இருக்கும்? அதுல என்ன பவரு இருக்கும்? டிசைன் பண்ணுனவனுக்கு மூளையே இல்லீங்க. அந்த லாரி பாட்டுக்குத் தண்ணிக்குள்ள எறங்கி, மெதுவா, எரும போற மாதிரி வந்து எங்க பக்கத்துல நின்னுச்சு.

டிரைவர் பேரு குப்புராஜ். அது அப்புறம் தெரிஞ்சது. எறங்கி முழங்காலளவு தண்ணில நடந்து வந்தான். "அம்மா, பயப்படாதீங்க. தங்கச்சிய நான் தூக்கிக்கறேன். நீங்க என்ற தோளப் புடிச்சுக்குங்க"ன்னான். யாரக் கேட்டான்? வண்டிக்காரன் நான் ஸ்டியரிங்ல உக்காந்திருக்கறேன், என்னைய ஒரு வார்த்த கேக்கோணுமல்ல? ஹேமாவத் தூக்கிக் கேபின்ல உக்கார வெச்சான். மரகதத்தக் கை குடுத்து ஏத்துனான். அப்புறம் என்னையப் பாத்து, "ஏறுங்கய்யா, அட்ஜஸ்ட் பண்ணி உக்காந்துக்கலாம்"ன்னான்.

நான் போகலீங்க.

எப்படிப் போறதுங்க? நீங்களே சொல்லுங்க. வண்டிய நடுத்தண்ணில அப்படியே உட்டுட்டுப் போக முடியுமா? அந்த ஆட்டோக்காரனுங்க நின்னுட்டிருக்கறானுங்க. எவனாவது தள்ளறேன்னு வந்து சாவியத் திருப்பி செல்ஃப் அடிச்சான்னா, மிச்சமிருக்கற இஞ்சினும் போயிரும். விசயம் தெரிஞ்சவன் ஒருத்தன் கிட்ட இருக்கோணுமல்ல? அதுவுமில்லாம கேபின்ல எடம் கம்மி. "நீங்க போங்க, நான் வண்டியப் பாத்துக்கறேன்"ன்னேன். மரகதம் ஹேமா தலையத் தோள்ல சாச்சுக்கிட்டா. கதவச் சாத்துனா. ஹேமா கண்ண மூடிட்டிருந்தா, அவ என்னையப் பாத்தாளா இல்லயான்னு எனக்குத் தெரியல. லாரி போயிருச்சு. அந்தக் கொதிக்கற குழாயோட, அந்த ஓட்ட இஞ்சினோட, ஒரு வாட்டி கூட இருமாமப் போச்சு.

நான் வண்டிக்குள்ள உக்காந்திருந்தேன், தண்ணி வடியற வரைக்கும். யாரும் வந்து செல்ஃப் அடிக்கல.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரறதுக்குள்ள கொழந்த பொறந்துருச்சு. பொண்ணு. நல்லா இருக்குது, தாயும் நல்லா இருக்கறா. நான் போறேன், வராண்டா பெஞ்சுல மரகதமும் அவனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கறாங்க! நர்ஸு கொழந்தையக் கொண்டாந்து "குடும்பத்துல யாருங்க?"ன்னு கேட்டப்ப அங்க இருந்த ஆம்பள அவன் ஒருத்தன் தானாம். என்ற பேத்தி மூஞ்சிய மொதல்ல பாத்த ஆம்பள, கக்கூஸ் லாரிக்காரன். நான் அவனுக்கு நன்றி சொன்னேன். சொல்லாம இல்ல. சொல்லீட்டு, மரகதத்துகிட்ட என்ன நடந்துச்சுன்னு வெளக்குனேன். குழாய்ல தப்பில்ல, அந்த டவுன் பஸ்ஸோட அல தான் காரணம்னு, கையில வரைஞ்சே காட்டுனேன். முழுசாக் கேட்டா. கேட்டுட்டு, "வண்டி பத்தரமா இருக்குதுங்களா?"ன்னா.

அந்த நெலமைலயும் வண்டியப் பத்தி விசாரிச்சாளேன்னு எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சுங்க.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க?

அப்புறம் என்னாச்சு? திருமூர்த்தி வந்து, ஆஸ்பத்திரில இருந்து நேரா அவங்கள, மரகதத்தையும் சேத்து, மேட்டுப்பாளையத்துல அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். மொத பிரசவம், தாய் வீட்டுல இருக்கோணும். மாமன் வீட்டுல போயி இருக்குது என்ற பொண்ணு. ஊரு கேக்குமா கேக்காதா? மலையடிவாரம், காத்து குளுந்திருக்கும், கொழந்தைக்கு நல்லதுன்னு நானே சொல்லி அனுப்பி வெச்சதாச் சொல்லிட்டிருக்கறேன். ஒரு வகைல அது உண்மையும் தான். நான் ரண்டு வாட்டி போனேன். ஒரு வாட்டி ஹேமா தூங்கறான்னாங்க. இன்னொரு வாட்டி கொழந்த தூங்குதுன்னாங்க. திருமூர்த்தி வீட்டுல எப்பவும் எவனாவது தூங்கிட்டே தான் இருப்பான்.

ஒர்க்ஷாப்ல கம்பியக் கழட்டிக் காமிச்சாங்க. வாழப்பழமாட்ட வளைஞ்சிருக்குது. "அந்தக் குழாயக் கழட்டிப் போட்டுறலாமுங்களா சார்?"ன்னு கேட்டான் மெக்கானிக். "அதத் தொட்டேன்னா வண்டிய வேற எடத்துக்கு எடுத்துட்டுப் போயிருவேன்"ன்னேன். தப்பே இல்லாததையெல்லாம் எதுக்குக் கழட்டறது?

முந்தாநேத்து ஹேமா போன் பண்ணுனா. பொறந்ததுக்கப்பறம் அவளாப் பண்ணுனது அது தான் மொத வாட்டி. நான் மோட்டர் ரூம்ல இருந்தேன், ஒரே சத்தம், வெளிய ஓடியாந்து எடுத்தேன்.

"அப்பா, ஞாயித்துக்கெழம பேரு வெக்கறோம்."

"சரி சாமி."

"குப்புராஜ் அண்ணனையும் கூப்பிட்டிருக்கறோம். அவருக்கு அம்மா வேட்டி சட்டை எடுத்து வெச்சிருக்கறாங்க."

"ஓ."

"அவரு லாரியக் கழுவிட்டு, காலைல கோயமுத்தூர்ல இருந்து தான் வர்றாரு. இந்தப் பக்கம் அவருக்கு ஏதோ வேலயும் இருக்குதாம். வேணும்னா அவருகூட வா."

வேணும்னா! பாத்தீங்களா அந்த வார்த்தைய? வா-ன்னு சொல்லல. வேணும்னா வா. நான் சொன்னேன், "பேத்திக்குப் பேரு வெக்க நான் செப்டிக் டேங்கு லாரில போயி எறங்கோணுமா? அதுக்கு பஸ்ஸு இருக்குது"ன்னேன். "உன்ற இஷ்டம்ப்பா. நேரத்துக்கு வந்துரு. நீ இல்லீன்னா மாமா சொல்லீருவாரு"ன்னு வெச்சுட்டா. பேரு என்னன்னு நான் கேக்கறதுக்குள்ள வெச்சுட்டா.

குப்புராஜுக்குத் தெரிஞ்சிருக்கும். மரகதம் சொல்லியிருப்பா.

இந்தப் பைல என்னன்னு பாக்கறீங்களா? மெதுவா, கண்ணாடி. மில்லுல மாட்டற தெர்மாமீட்டருங்க, ரண்டு குழா இருக்கும். ஒண்ணுல ஈரத் துணி சுத்தியிருக்கும், ஒண்ணு சும்மா. ரண்டுக்கும் எத்தன வித்தியாசம்னு பாத்தா ரூம்ல ஈரம் எவ்வளவுன்னு தெரிஞ்சுரும். எல்லாரும் வெள்ளிக் கொலுசு, மோதரம்னு கொண்டாருவாங்க. கொழந்த கொலுசப் போட்டுட்டு எங்க நடக்கப் போகுது? அவங்க அந்தக் கொழந்தைய நாலு சுத்து துணில சுத்தி, ஜன்னலச் சாத்தி, சாம்பிராணி போட்டு, அறுபது டிகிரில வெச்சிருப்பாங்க. எனக்குத் தெரியும் அந்த வீட்ட. இத நானே செவுத்துல மாட்டி, எப்படிப் பாக்கறதுன்னு ஹேமாவுக்குச் சொல்லிக் குடுக்கோணும். கேக்கறாளோ இல்லயோ.

என்னங்க? என்ன சொல்றாரு கண்டக்டரு? அடுத்த பஸ்ஸுல ஏத்தி உடறாராமா? அடுத்த பஸ்ஸு எப்ப? அவருக்கே தெரியாதாம். நல்லாருக்குது. மணி என்னங்க ஆச்சு உங்க வாட்ச்சுல? வேண்டாம், சொல்லாதீங்க.

பின்னாடி எவன் இப்படி ஹாரன் அடிக்கறான்? மாடு கத்தற மாதிரி. கொஞ்சம் எட்டிப் பாருங்க. பச்ச லாரியா? ஒரு பக்கக் கண்ணாடி இருக்குதா? இல்லீங்களா...

அவன் தான். பாருங்க, சந்தனப் பொட்டெல்லாம் வெச்சிருக்கறான். என்னையப் பாத்துட்டான். கைய ஆட்டறான். "ஐயா!"ங்கறான். பஸ்ஸே திரும்பிப் பாக்குது. என்ன சத்தம், மண்டிக்காரனுக்குப் பொறந்தவனாட்ட.

"ஏறுங்கய்யா, நேரமாச்சு! அட்ஜஸ்ட் பண்ணி உக்காந்துக்கலாம்!"

அதே வார்த்த. கேட்டீங்களா? கேபின்ல அவன் ஒருத்தன் தான் இருக்கறான், என்னத்த அட்ஜஸ்ட் பண்றது?

நல்லாக் கழுவித் தான் இருக்கறான், பரவால்ல. ஆனா அந்தக் குழாயப் பாருங்க, அப்படியே உச்சில. கோயமுத்தூர்ல இருந்து ஓட்டிட்டு வந்திருக்கறான், கரியடுப்பாட்டக் கொதிச்சிட்டிருக்கும். கைய வெச்சுப் பாத்தாத் தான் எத்தன சூடுன்னு தெரியும். ஒரு நாளு தொட்டுப் பாக்கோணும்னு எனக்கே ரொம்ப நாளா இருக்குது. ஒரு விசயம் தெரிஞ்சுக்கறதுக்காகத் தான். வேற ஒண்ணுமில்ல. அதுவுமில்லாம இன்னிக்குக் காவல் காக்கறதுக்கு என்ற வண்டியும் இங்க இல்லீங்களே.

கொஞ்சம் கால இழுத்துக்குங்க, எறங்கிக்கறேன். இருடா, வாரேன், கத்தாத!

ஏனுங்க, நான் கீழ எறங்குனதும் அந்தப் பைய ஜன்னல் வழியாக் குடுக்கறீங்களா? மெதுவா. கண்ணாடி இருக்குது.